இசைக்கு மொழி உண்டு

மேற்கு ஆப்பிரிக்கப் பாட்டுகளைப் பற்றிப் பேச்சு எழுந்தால் போதும், யாராவது ஒருவர் அதைச் சொல்லிவிடுவார்: "இசைக்கு ஏது மொழி?" சுற்றியிருப்பவர்கள் தலையசைப்பார்கள். சொல் புரியாவிட்டால் என்ன, தாளம் உள்ளே இறங்கிவிட்டதே, அதற்கு மேல் என்ன வேண்டும் என்பார்கள். அப்படிச் சொல்பவர்கள் நல்லவர்கள். முன்பின் அறியாத நாட்டின் பாட்டுக்கு மனம் திறந்தவர்கள். அதனாலேயே இந்தக் கருத்தை யாரும் மறுப்பதில்லை. நான் மறுக்கிறேன். லாகோஸிலும் அக்ராவிலும் பமாக்கோவிலும் பாடியவர்கள் எதைத் தங்கள் கலையின் உயிர் என்று நினைத்தார்களோ, அதை ஒதுக்கிவைத்துவிட்டு மிச்சத்துக்குக் கைதட்டுகிறோம். கைதட்டல் எவ்வளவு பலமாக இருந்தாலும் அது மரியாதை ஆகாது.

1967இல் கானாவில் வெளிவந்த ஒரு பாட்டை எடுத்துக்கொள்வோம். நானா அம்பாடுவும் அவருடைய ஆப்பிரிக்கன் பிரதர்ஸ் குழுவும் பாடிய 'எபி தே யியே'. மொழி ட்வி. இசை வகை ஹைலைஃப்: பின்னிப் பின்னி ஓடும் கிதார், அவசரமே இல்லாத நடை. மொழி தெரியாதவர் கேட்டால் சாயங்கால வேளைக்கு ஏற்ற இதமான பாட்டு என்பார். நானும் வெகுநாள் அப்படித்தான் கேட்டேன். பாட்டு சொல்வது ஒரு கதை. காட்டு விலங்குகளெல்லாம் கூட்டம் போடுகின்றன. ஒரு சின்ன மானுக்குப் பின்னால் சிறுத்தை வந்து உட்கார்ந்துகொண்டு, மானின் வாலைத் தரையோடு சேர்த்து நகத்தால் அழுத்திப் பிடித்துக்கொள்கிறது. மான் பேச வாயெடுத்தால் அதட்டி அடக்குகிறது. பொறுத்துப் பார்த்த மான் கடைசியில் கூட்டத் தலைவரைக் கூவி அழைத்து, எல்லாரும் இங்கே ஒரேபோல் உட்கார்ந்திருக்கவில்லை என்று முறையிடுகிறது. சிலருக்கு இருக்கை நன்றாக வாய்த்திருக்கிறது என்பதுதான் தலைப்பின் பொருள்.

கானா அதிபர் இன்க்ருமாவின் ஆட்சியை இராணுவமும் போலீசும் சேர்ந்து கவிழ்த்தது 1966 பிப்ரவரியில். பாட்டு வந்தது அதற்கு அடுத்த ஆண்டு. நாட்டில் யார் சிறுத்தை, யார் மான் என்று கேட்டவர்கள் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. வானொலியில் அந்தப் பாட்டு ஒலிப்பது நின்றுபோனது. அரசியல் எதையும் மனத்தில் வைத்துத் தான் பாடவில்லை என்றே அம்பாடு சொல்லிவந்தார். மக்கள் அதை ஒத்துக்கொள்ளவில்லை, தலைப்பையே பழமொழியாக்கிக்கொண்டார்கள். ஏற்றத்தாழ்வைப் பற்றிப் பேச வந்தால் கானாவில் அந்தச் சொற்கள்தான் நாவில் வரும். மொழியில்லாமல் அதைக் கேட்டவர் கிதாரைக் கேட்டார். மானைக் கேட்கவில்லை.

ஒரு பாட்டை வைத்து முடிவுகட்டலாமா என்று கேட்கலாம். சரி, சொல்லை விட்டுவிடுவோம், தாளத்துக்கே போவோம். அங்கேதான் "தாளம் போதும்" என்ற வாதம் முழுதாகச் சரிகிறது.

நைஜீரியாவின் யொரூபா ஒரு தொனி மொழி. மேல், நடு, கீழ் என்று மூன்று நிலைகளில் அசைகள் ஒலிக்கும். நம் காதுக்கு ஒன்றேபோல் படும் 'ஒக்கோ' என்ற சொல், தொனி மாற மாற, கணவன், மண்வெட்டி, வண்டி, ஈட்டி என்று வெவ்வேறு பொருள் தரும். டுண்டுன் என்னும் முழவு உடுக்கையைப் போல இடை சிறுத்தது. இரு முகங்களையும் இணைக்கும் தோல்வார்களை அழுத்தினால் சுருதி ஏறும், தளர்த்தினால் இறங்கும். வளைந்த கோலால் அடித்தபடியே வார்களை அழுத்தியும் விட்டும், பேச்சின் ஏற்ற இறக்கத்தை அப்படியே தோலில் எழுப்புகிறார்கள். உயிரும் மெய்யும் போய்த் தொனியும் கால அளவும் மட்டும் மிஞ்சுவதால், ஒரே அடிக்குப் பல சொற்கள் பொருந்தும். அதனால் முழவுக்காரர் தனிச்சொல்லை நம்புவதில்லை. ஊரறிந்த பழமொழியை வாசிப்பார்; ஒரிகி எனப்படும் குலப்புகழை வாசிப்பார். கேட்பவருக்கு அது முன்பே மனப்பாடம் என்பதால் பொருள் தட்டுப்பட்டுவிடும்.

நைஜீரிய வானொலி இந்த முழவின் ஒரு வரியைத்தான் தன் அடையாள ஒலியாக வைத்திருந்தது. நிலையத்தின் பெயரைச் சொல்ல வேண்டும் என்பது ஏற்பாடு. இபாடான் மக்களோ அதே தொனிக்கு வேறு சொற்களைப் பொருத்தி, இபாடான் அரசர் இறந்தால் அடுத்துப் பட்டம் யாருக்கு என்று வானொலி தினமும் விசாரிப்பதாகச் சொல்லி மகிழ்ந்தார்கள். வெளியூர்க்காரர் அந்த ஒலியில் ஆதி ஆப்பிரிக்கத் துடிப்பைக் கேட்ட அதே நேரத்தில், உள்ளூர்க்காரர் அதில் ஒரு வாக்கியத்தைக் கேட்டார், அதை மாற்றியும் வாசித்தார்.

மெட்டும் அப்படித்தான். தொனி மொழியில் மெட்டுப் போடுகிறவர் நினைத்தபடி குரலை ஏற்றி இறக்க முடியாது. சொல்லின் போக்கை மெட்டு பெரும்பாலும் பின்தொடர வேண்டும், இல்லாவிட்டால் சொல் வேறொன்றாகிவிடும். மிஷனரிகள் ஆங்கிலக் கீர்த்தனை மெட்டுகளில் யொரூபா மொழிபெயர்ப்பை ஏற்றிப் பாடவைத்தபோது நேர்ந்தது இதுதான். மெட்டு ஏறவேண்டிய இடத்தில் சொல் இறங்க வேண்டியிருந்தது. பக்தியாகப் பாடியது பொருளற்றும் விபரீதமாகவும் ஒலித்தது. அந்தச் சங்கடத்திலிருந்துதான் யொரூபாத் திருச்சபைகளில் சொந்த மெட்டுகள் இயற்றும் முயற்சி வளர்ந்தது. மெட்டுக்கு மொழி கிடையாது என்பது எந்த அளவுக்குப் பிழை என்று அந்தத் தேவாலயப் பலகைகளில் உட்கார்ந்திருந்தவர்களுக்குத் தெரியும்.

1940களின் கடைசியில் யொரூபா மக்களின் ஜூஜூ இசைக்குள் பேசும் முழவு நுழைந்தது. பிறகு ஒலிபெருக்கியும் மின்கிதாரும் பெருகின. ஜூஜூ பிறந்து வளர்ந்த இடம் விருந்து: கல்யாணம், பெயர்சூட்டல், பெரியவர் மறைந்தபின் நடக்கும் பெருவிருந்து. பாடுகிறவர் வந்திருப்பவரைப் பெயர் சொல்லி அழைப்பார், அவர் குலத்தைச் சொல்வார், அப்பாவின் பெருமையைச் சொல்வார். முழவு அதை வாங்கித் திரும்பச் சொல்லும். பாடப்பெற்றவர் எழுந்து ஆடி வந்து பாடகரின் நெற்றியில் பணத்தாளை ஒட்டுவார். பாடகருக்கும் விருந்தாளிக்கும் நடுவே நடக்கும் நேர்ப்பேச்சு அது. லாகோஸில் அச்சான ஜூஜூ இசைத்தட்டில் ஒரு பக்கம் முழுவதும் இடைவெளி இல்லாமல் ஓடுவதற்குக் காரணமும் இதுவே. விருந்து அப்படித்தான் நடக்கும்.

1982இல் ஜூஜூ பாடகர் கிங் சன்னி அடேயின் இசையை ஐலண்ட் இசைத்தட்டு நிறுவனம் உலகச் சந்தைக்குக் கொண்டுபோனது. அந்த நிறுவனத்தின் பாப் மார்லி இறந்து ஓராண்டு ஆகியிருந்தது; அடுத்த மார்லி இவர்தான் என்று பேச்சு. நீண்ட பக்கங்கள் தனித்தனிப் பாட்டுகளாகச் சுருங்கின. மேலைநாட்டு விமர்சகர்கள் பரவசப்பட்டார்கள். மினுங்கும் கிதார்கள் என்றார்கள், வலை பின்னும் தாளம் என்றார்கள். என்ன பாடுகிறார் என்று கேட்டவர்கள் சொற்பம். 1983இலும் 1984இலும் இன்னும் இரண்டு தட்டுகள் வந்தன, அத்தோடு அந்த உறவு முடிந்தது. வியாபாரக் காரணங்கள் பல இருந்திருக்கும். அவற்றை நான் மறைக்கவில்லை. ஆனாலும் ஒன்றைக் கவனிக்காமல் இருக்க முடியாது. அதே அடே லாகோஸ் திரும்பி, அதே முழவுகளோடு பல பத்தாண்டுகள் பாடினார். அங்கே யாருக்கும் அவர் சலிக்கவில்லை. அங்கே அவர் எதிரே இருந்தவர்களைப் பற்றிப் பாடினார், அவர்களுக்கு அது புரிந்தது. மினுக்கத்தை மட்டும் நாடி வந்தவர் அடுத்த மினுக்கத்தைத் தேடிப் போவது இயல்பு.

1987இல் லண்டன் மதுவிடுதி ஒன்றில் சிறிய இசைத்தட்டு நிறுவனத்தார் கூடி, கடைகளில் எந்த அடுக்கில் வைப்பது என்று தெரியாமல் கிடந்த தட்டுகளுக்கெல்லாம் 'வேர்ல்டு மியூசிக்' என்று பெயர் சூட்டினார்கள். கெட்ட நோக்கம் எதுவும் இல்லை. வாங்க வருகிறவர் கண்ணில் தட்டு பட வேண்டும் என்பதே கவலை. ஆனால் ட்வி ஹைலைஃபுக்கும் யொரூபா ஜூஜூவுக்கும் செனகலின் வோலொஃப் ம்பாலாக்ஸுக்கும் அந்த அடுக்கில் இருந்த பொதுத்தன்மை என்ன? லண்டனில் வாங்குகிறவருக்கு அந்த மொழிகள் தெரியாது என்பது மட்டும்தான். புரியாமையே ஒரு வகைமை ஆனது. நம்முடைய "இசைக்கு ஏது மொழி" அந்த அடுக்கிலிருந்து எடுத்து வந்த சரக்கு.

மொழி தெரியாது என்ற சாக்கு செல்லாத இடம் ஒன்று உண்டு: நைஜீரியப் பாடகர் ஃபெலா குட்டி. யொரூபா எல்லையைத் தாண்டிப் போய்ச் சேரவேண்டும் என்று தெரிந்தே பிட்ஜின் ஆங்கிலத்தைத் தேர்ந்துகொண்டவர் அவர். கொஞ்சம் ஆங்கிலம் அறிந்த எவரும் இரண்டு முறை கேட்டால் பிடித்துக்கொள்ளலாம். அப்படியும் அவரை டோனி ஆலனின் டிரம்ஸுக்காகவும் ஊதுகருவிகளுக்காகவும் மட்டும் கேட்கிறவர்கள் நம்மிடையே ஏராளம். 1976இல் வந்த 'ஸோம்பி'யில் அவர் சிப்பாய்களைச் சொந்தப் புத்தி இல்லாத பிணங்களாகக் காட்டினார். 1977 பிப்ரவரி 18 அன்று ஏறக்குறைய ஆயிரம் சிப்பாய்கள் லாகோஸில் அவருடைய கலகூட்டா வீட்டைச் சூழ்ந்து, இருந்தவர்களை அடித்து நொறுக்கி, வீட்டுக்குத் தீ வைத்தார்கள். அவருடைய தாய் ஃபுன்மிலாயோ ரான்ஸம் குட்டியை மாடி ஜன்னல் வழியே தூக்கி எறிந்தார்கள். அடுத்த ஆண்டு அவர் இறந்தார். விசாரணையோ அடையாளம் தெரியாத ஒரு சிப்பாய் மீது பழியைப் போட்டு முடித்தது. அந்தச் சொல்லையே தலைப்பாக்கி ஃபெலா 1979இல் பாடியதுதான் 'அன்னோன் சோல்ஜர்'. அரைமணி நேரப் பாட்டு. தீ வைத்ததும் அடித்ததும் அம்மாவைத் தூக்கி எறிந்ததும் ஒவ்வொன்றாக அதில் வருகின்றன. ஒரு மகன் கொடுக்கும் வாக்குமூலம் அது. ஒரு மாலைக் கூட்டத்தில் இதைப் பின்னணியில் ஓடவிட்டுச் சிரித்தபடி ஆடிக்கொண்டிருந்ததை நான் பார்த்திருக்கிறேன். ஆடியவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஃபெலாவே ஆடத்தான் வாசித்தார், ஆட்டத்துக்குள்தான் அந்த வாக்குமூலத்தை வைத்தார். வாக்குமூலம் இருக்கிறது என்பதையே அறியாமல் ஆடுவதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு; பாராட்டுகிறவர்கள் அதையும் பார்ப்பதில்லை. 1972இல் வந்த 'லேடி' ஃபெலாவின் மிகப் பிரபலமான பாட்டுகளில் ஒன்று. ஆணுக்கு நிகராகத் தன்னை எண்ணிக்கொண்டு ஆணுக்கு முன்பே நாற்காலியில் உட்காரும், இறைச்சித் துண்டை முதலில் எடுத்துக்கொள்ளும் 'லேடி'யை அது பழிக்கிறது. கணவனே எஜமான் என்று ஏற்கும் பெண்ணைப் புகழ்கிறது. அவருடைய தாயோ 1940களில் அபெயொகூட்டாவின் சந்தைப் பெண்களைத் திரட்டி வரிக்கு எதிராகப் போராடி, அந்த நகரத்து அரசரையே 1949இல் அரியணையிலிருந்து இறங்கவைத்தவர். அப்படிப்பட்டவளின் மகன் இப்படிப் பாடியிருக்கிறான் என்பது என்னை ஒவ்வொரு முறையும் வருத்துகிறது. வருத்தப்படவும் எனக்குச் சொல் தெரிந்திருக்க வேண்டும். தாளத்தை மட்டும் கேட்கிறவர் ஃபெலாவோடு சண்டை போட முடியாது. சண்டை போட முடியாத கலைஞனை நாம் சமமாக நடத்துகிறோம் என்று எப்படிச் சொல்வது?

இன்னும் கடினமான இடம் மாலிப் பாடகர் சலிஃப் கெய்தாவின் 'மான்ஜூ'. மாலிப் பேரரசை நிறுவிய சுந்தியாட்டாவின் கெய்தா குலத்தில் பிறந்தவர் அவர். மாண்டே சமூகத்தில் பாடுவது ஜெலி என்னும் பரம்பரைப் பாணர்களின் தொழில். அரசகுலத்தவர் பாடினால் இழுக்கு. அவர் அந்த வழக்கத்தை மீறிப் பாட வந்தார். 1978இல் லெ அம்பாசதெர் குழுவோடு 'மான்ஜூ'வைப் பாடினார். மெதுவாக எழும் பாட்டு. நெஞ்சைப் பிளந்துகொண்டு வரும் குரல். பிரார்த்தனை என்றோ பிரிவின் தாபம் என்றோ எடுத்துக்கொள்ள எல்லா இடமும் அதில் இருக்கிறது. அது கினி அதிபர் செக்கூ துரேயைப் புகழும் பாட்டு. துரே கெய்தாவுக்குத் தேசிய விருது கொடுத்துக் கௌரவித்தவர். 1958இல் பிரான்சுக்கு 'வேண்டாம்' என்று சொல்லி விடுதலை வாங்கியவர், ஊர்தோறும் அரசு செலவில் இசைக்குழுக்களை வளர்த்தவர். போய்ரோ முகாமில் தன் எதிரிகளைப் பட்டினி போட்டுக் கொன்றவரும் அவரே. ஆப்பிரிக்க நடனத்தை உலக மேடைகளுக்குக் கொண்டுபோன கெய்தா ஃபொதேபா 1969இல் அந்த முகாமில்தான் உயிர்விட்டார். அதே 1969இல்தான் பெம்பெயா ஜாஸ் குழு, பிரெஞ்சுப் படையை எதிர்த்து நின்று நாடுகடத்தப்பட்டு 1900இல் கபோனில் இறந்த சமோரி துரேயின் வரலாற்றை ஒரு முழு இசைத்தட்டாகப் பாடியது. அந்தச் சமோரியின் வழிவந்தவன் நான் என்று சொல்லிக்கொண்டவர் அதிபர்.

இதெல்லாம் தெரிந்த பிறகு 'மான்ஜூ' அழகு குறைந்துவிட்டதா? இல்லை. எளிதாக இருந்தது மட்டும் போய்விட்டது. புகழ்பாடுவது மாண்டே மரபில் வெறும் முகத்துதி இல்லை. முன்னோரின் பெயரை எதிரே வைத்து, நீ இவர்களுக்குத் தகுந்தவனாக நடந்துகொள் என்று நினைவூட்டும் கடமையும் அதில் உண்டு. கெய்தாவின் குரலில் அந்தக் கடமை எவ்வளவு, நன்றிக்கடன் எவ்வளவு என்று இன்றுவரை என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அந்தக் கேள்வியோடுதான் கேட்கிறேன். "குரலே போதும்" என்பவருக்கு அந்தக் கேள்வியே எழாது.

இனி, எதிர்த்தரப்பின் மிக வலுவான வாதம். மேற்கு ஆப்பிரிக்கர்களே அப்படித்தானே கேட்டார்கள்? 1930களில் எச்எம்வியின் ஜிவி வரிசைத் தட்டுகள் கியூபா இசையை ஆப்பிரிக்கத் துறைமுகங்களுக்குக் கொண்டுவந்தபோது யாருக்கு ஸ்பானிஷ் தெரிந்தது? டாக்கர் பாடகர்கள் காதில் விழுந்ததை விழுந்தபடியே பாடவில்லையா? பாடினார்கள். உண்மை. ஆனால் அங்கேயே அவர்கள் நின்றுவிடவில்லை. 1964இல் மாலி அரசு பத்து மாணவர்களை ஹவானாவுக்கு அனுப்பியது. அவர்கள் அங்கே தங்கி மொழியோடு சேர்த்து இசையைக் கற்றார்கள், லாஸ் மராவிலியாஸ் தெ மாலி என்ற குழுவானார்கள். டாக்கரில் ஆர்க்கெஸ்ட்ரா பாவோபாபின் லாயே ம்பூப் கியூபா நடைக்குள் வோலொஃப் பாணர் பாட்டைக் கொண்டுவந்தார். சில ஆண்டுகளில் யூசு ந்தூரின் தலைமுறை வோலொஃபையும் சபார் முழவையும் நடுவில் வைத்து ம்பாலாக்ஸை எழுப்பியது. வடக்கு நைஜீரியாவில் இந்தி சினிமாப் பாட்டுகளை ஹவுசாக்காரர்கள் மொழி தெரியாமலேயே விரும்பிக் கேட்டார்கள். பிறகு பந்திரி முழவோடு பாடுபவர்கள் அந்த மெட்டுகளில் நபியைப் போற்றும் ஹவுசாச் சொற்களை வைத்துப் பாடினார்கள். சொல்லில்லாத மெட்டு அவர்கள் யாருக்கும் வெகுநாள் போதவில்லை.

அடுத்தது அலுப்பின் வாதம்: ட்வி, யொரூபா, வோலொஃப், பம்பாரா, இத்தனையையும் எவன் படிப்பான்? ஒருவரும் படிக்க வேண்டாம். லாகோஸ்காரருக்கும் வோலொஃப் தெரியாது. அவர் தெரியாது என்பார். தேவையில்லை என்று சொல்லிக்கொள்ள மாட்டார். முதலில் நம்மை இழுப்பது ஒலிதான், என்னையும் இழுத்தது அந்தக் கிதார்தான். ஒரு பாட்டைப் பிடித்துக்கொண்டு அதில் என்ன நடக்கிறது, யார் யாரிடம் பேசுகிறார், முழவு எதைத் திருப்பிச் சொல்கிறது என்று கேட்டால் போதும். தட்டின் உறையில் சில வரிகள் இருக்கும். அந்த நாட்டவர் தங்கள் பாட்டுகளுக்கு ஆங்கிலத்தில் எழுதிவைத்த விளக்கங்கள் கிடைக்கும். மாதம் ஒரு பாட்டு என்று வைத்துக்கொண்டால்கூட ஆண்டுக்குப் பன்னிரண்டு.

சில சமயம் ஒரே ஒரு சொல் போதும். மாலியின் வாசுலு நாட்டுப் பாடகி ஊமூ சங்காரே 1996இல் வெளியிட்ட தட்டு 'வொரோதான்'. ஜேம்ஸ் பிரவுனோடு வாசித்த பீ வீ எல்லிஸ் அதில் ஊதுகருவிகளை அமைத்தார். அந்தப் பகுதிகளைப் புகழாதவர் இல்லை, நானும் புகழ்ந்திருக்கிறேன். கமலெங்கோனி என்னும் யாழ் அதில் துள்ளித் துள்ளிப் போகும். வேடர்களின் புனித யாழை இளைஞர்கள் எடுத்துத் தங்கள் ஆட்டத்துக்கென்று மாற்றிக்கொண்ட கருவி அது. பெரியவர்கள் அதை விரும்பவில்லை. வொரோதான் என்றால் பத்துக் கோலாக் கொட்டை. பெண் கேட்டு வருகிறவர்கள் பெண்வீட்டுக்குக் கொண்டுவந்து வைப்பது. அது கைமாறியதும் அவள் இன்னொரு வீட்டுக்குச் சொந்தமாகிவிடுகிறாள், அங்கே அடிமைபோல் நடத்தப்படுகிறாள் என்று சங்காரே பாடுகிறார். பின்னால் பெண்குரல்கள் சேர்ந்து பதில் சொல்கின்றன. அந்தப் பதில் குரல்களைப் பல வருடம் நான் கோரஸ் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது கேட்கும்போது, சங்காரே சொல்வதை ஆமோதிக்க வந்து நிற்கும் பெண்களாகவே அவர்கள் என் காதில் ஒலிக்கிறார்கள்.